அந்நிய அடுக்களையை நம்புவது எப்படி

சீலியாக் நோய் உள்ள ஒருவர் முதன்முதலாகத் தனியே வெளிநாடு போக நினைக்கும்போது இயல்பாக எழும் யோசனை ஒன்று உண்டு. ரொட்டி தின்கிற நாடுகளை விட்டுவிடலாம், சோறு தின்கிற நாடுகளுக்குப் போகலாம். இத்தாலி வேண்டாம், ஜப்பான் போதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறை இதற்கு நேர்மாறானது. பாஸ்தாவையும் பீட்சாவையும் உலகுக்குத் தந்த இத்தாலி, இந்த நோயாளிக்கு மிகப் பத்திரமான நாடுகளில் ஒன்று. மூன்று வேளையும் அரிசி கிடைக்கிற ஜப்பான், மிகச் சிரமமான நாடுகளில் ஒன்று. ஒரு நாட்டின் வயலில் என்ன விளைகிறது என்பதை வைத்து அங்கே நம் வயிறு பத்திரமாக இருக்குமா என்று கணிக்க முடியாது. தான் பரிமாறும் உணவில் என்ன இருக்கிறது என்பதை அந்தச் சமூகம் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறது, அறிந்ததை எந்த அளவுக்கு வெளியே சொல்கிறது என்பதுதான் கணக்கு. தனிப்பயணம் என்றதும் தனிமனிதத் துணிச்சலைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். க்ளூட்டன் இல்லாத உணவை மட்டுமே உண்ண வேண்டியவரின் பயணம், அந்தத் துணிச்சல் முகம் தெரியாத எத்தனை பேரின் நேர்மையை நம்பி நிற்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

நோயின் தன்மையைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். ஏதோ ஒவ்வாமை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் சிறுகுடலையே தாக்குகிற நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் அந்தத் தாக்குதலைத் தூண்டிவிடுகிறது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற புடைப்புகள் தேய்ந்து தட்டையாகிவிட, இரும்பும் கால்சியமும் உடம்பில் ஒட்டாமல் போகின்றன. ரத்தசோகையும் எலும்பு பலவீனமும் பின்தொடர்கின்றன. இதற்கு மாத்திரை கிடையாது, உணவுக் கட்டுப்பாடு ஒன்றே வழி என்பதை லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888இலேயே உணர்ந்திருந்தார். ஆனால் எந்த உணவை விலக்குவது என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டறிந்தவர் ஹேக் நகரின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கெ. கோதுமை மேல் அவருக்குப் போருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்து ரொட்டியின்றிப் பட்டினி கிடந்தபோது, ஊரே மெலிய, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு, ஐயத்தை அறிவாக மாற்றியது.

விலக்கு என்றால் எவ்வளவு விலக்கு என்பது அடுத்த கேள்வி. ஒரு சாதாரண ரொட்டித் துண்டில் 2 கிராமுக்குக் குறையாமல் க்ளூட்டன் இருக்கும். கட்டுப்பாட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும் 50 மில்லிகிராமும் மூன்று மாதங்கள் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. 50 மில்லிகிராம் என்பது அந்த ரொட்டித் துண்டின் நாற்பதில் ஒரு பங்கு. அதுவே தினமும் உள்ளே போனால் குடலைச் சேதப்படுத்தப் போதுமானதாக இருந்தது. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ‘க்ளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தியாவும் அதையே ஏற்றிருக்கின்றன. அந்த வரம்பின் உச்சத்தில் உள்ள உணவை அரைக் கிலோ தின்றாலும் 10 மில்லிகிராம்தான் உள்ளே போகும். ‘ஊருக்குப் போன இடத்தில் கொஞ்சம் தின்றால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். ஒரு வேளைத் தவறு ஆளைக் கொல்லாது என்பது மெய்தான். ஆனால் இரண்டு வாரப் பயணத்தில் தெரியாமல் வேளைக்கு வேளை சேரும் துணுக்குகள் அந்தத் தினசரி அளவை எளிதாக எட்டிவிடும். இன்னொன்றும் உண்டு: பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே குடல் புண்ணாகிறது. ஆகவே ‘தின்றேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது சான்றாகாது.

இத்தாலிக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் 123ஆம் சட்டம் சீலியாக் நோயை ஒரு சமூக நோய் என்று அங்கீகரித்தது. நோயாளிக்குச் சிறப்பு உணவு வாங்க அரசு மாதந்தோறும் உதவுகிறது; பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவற்றின் உணவுக்கூடங்கள் கேட்பவருக்குக் க்ளூட்டன் இல்லாத உணவைத் தந்தாக வேண்டும். 2023இல் குழந்தைகள் அனைவருக்கும் இந்த நோய்க்கான பரிசோதனையை நாடு முழுவதும் கொண்டுவர இன்னொரு சட்டம் இயற்றப்பட்டது. 1979இல் தொடங்கிய நோயாளிகள் சங்கம், ஆயிரக்கணக்கான உணவகங்களுக்குப் பயிற்சி தந்து பட்டியல் வைத்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஒரு பீட்சாக் கடையின் அடுக்களையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அந்தப் பட்டியலின் பொருள் தெரியும். கோதுமை மாவு காற்றில் பறந்து படியும் என்பதால் மாற்று மாவைப் பிசைய வேறு இடம், வேறு பலகை, வேறு உருட்டுக்கட்டை. பாஸ்தா வெந்த நீரில் இன்னொன்றை வேகவைப்பதில்லை. பொரிக்கும் எண்ணெயும் தனி. கோதுமையோடே வாழ்கிற சமூகம் என்பதால் அது எங்கெல்லாம் நுழையும் என்று அந்தச் சமையல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நோய் அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிறது. அதனால் வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி அவருக்குப் பிடிவாதமாகத் தோன்றுவதில்லை.

ஜப்பானில் இந்த நோய் மிக அரிது. அரிதான ஒன்றுக்கு அடுக்களையில் நினைவு இருக்காது. அங்கே வரும் சிரமத்துக்கு அதுதான் வேர், யாருடைய அலட்சியமும் அல்ல. வழக்கமான சோயா சாஸ், சோயா அவரையும் கோதுமையும் ஏறக்குறையச் சம அளவில் சேர்த்துப் புளிக்கவைத்தது. அது கறியிலும் மீனிலும் குழம்பிலும் ஊறுகாயிலும் இருக்கும். சுஷிச் சோற்றில் சேரும் வினிகர் சில இடங்களில் கோதுமை கலந்த தானிய வினிகர். உட்கார்ந்ததும் தண்ணீருக்குப் பதிலாக வைக்கிற குளிர்ந்த தேநீர் பலசமயம் வறுத்த பார்லியில் வடித்தது. சோபா நூடுல்ஸ் கோதுமையோடு தொடர்பில்லாத பாப்பரை மாவில் செய்வது என்றாலும், பெரும்பாலான கடைகளில் இழை உடையாதிருக்கக் கோதுமை மாவு சேர்ப்பார்கள். சைவ உணவு தேடிக் கியோத்தோவின் பௌத்தக் கோயில் சாப்பாட்டுக்குப் போகும் தமிழர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே இறைச்சிக்கு ஈடாக வைக்கப்படும் ‘ஃபூ’ என்பது கோதுமையிலிருந்து மாச்சத்தைக் கழுவி எடுத்துவிட்டு மிஞ்சும் க்ளூட்டனேதான். பொட்டலங்களில் கோதுமையைக் குறிப்பிடுவது ஜப்பானியச் சட்டப்படி கட்டாயம். பார்லிக்கும் ரைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை, உணவகங்களையும் அது கட்டுப்படுத்துவதில்லை. தட்டில் இருப்பது சோறு என்பதால் மனம் தளர்ந்துவிடுகிறது. ஆபத்து பக்கத்திலிருக்கும் சின்னக் கிண்ணத்தில் இருக்கிறது.

ஜப்பானைச் சுட்டுவதற்கு முன் நம் அடுக்களையையும் திறந்து பார்க்க வேண்டும். 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருப்பவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10 என்று கண்டது. நோய்க்கு இடம்தரும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன; வேறுபட்டது மக்கள் தின்ற கோதுமையின் அளவு. நாமும் அரிசி நாடு என்பதால் நமக்கும் அந்த நினைவு இல்லை. இட்லி பத்திரம் என்று சொல்லும்போது, சாம்பாரை மறந்துவிடுகிறோம். கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்; அசல் பிசின் அதில் சிறு பங்குதான், மீதி மைதாவோ அரிசி மாவோ கருவேலம் பிசினோ. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது அச்சாகியிருக்கும். ரசத்தைத் தாளிக்கிறவர் அதைப் படிப்பதில்லை. பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள். ரவா தோசையில் ரவையும் மைதாவும் உண்டு. லண்டனிலோ டொரொண்டோவிலோ ஈழத்தமிழர் கடையைக் கண்டதும் இடியப்பமும் புட்டும் அரிசி என்று நம்பிக் கை நீட்டுவது இயல்பு. ஆனால் இலங்கையில் இரண்டையும் கோதுமை மாவிலோ கோதுமை மா கலந்தோ செய்யும் வழக்கம் பரவலாக உண்டு. அந்நிய ஊரில் நம் மொழி பேசுகிற கடை மனத்துக்கு ஆறுதல் தரும்; குடலுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

இந்த இடத்தில்தான் ‘தனியே’ என்ற நிலைமைக்குக் கனம் கூடுகிறது. கூட யாராவது இருந்தால் லேபிளை இன்னொரு கண் படிக்கும், பரிசாரகரிடம் இன்னொரு வாய் கேட்கும், வயிறு கெட்டால் மருந்துக்கடைக்கு ஒருவர் ஓடுவார். தனியாகப் போகிறவருக்கு இவை எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டிய வேலைகள். ஆனால் தனிமைக்கு ஒரு சலுகையும் உண்டு. பரிமாறியதை மறுப்பது அவமரியாதை என்று நினைக்கும் சமூகத்திலிருந்து வருகிறவருக்கு, கூட்டத்தோடு உண்பதே பெரிய நெருக்கடி. ‘ஒரு வாய்தானே’ என்ற அன்பான வற்புறுத்தல் தனிப்பயணத்தில் இல்லை. பதில் திருப்தியாக இல்லையென்றால் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் எழுந்து வெளியேறலாம்; அன்றைய இரவு உணவை வாழைப்பழமும் அவித்த முட்டையும் வறுத்த கடலையும் என்று முடித்துக்கொள்ளலாம். அடுத்தவர் மனம் நோகுமே என்ற கவலை இல்லாமல் தன் உடம்பின் பக்கம் நிற்க முடிவது, இந்த நோயாளிக்குத் தனிப்பயணம் கற்றுத்தரும் உருப்படியான பாடம்.

எனவே ஆயத்தம் என்பது பெட்டி கட்டுவதில் தொடங்குவதில்லை, போகும் நாட்டின் விதியைப் படிப்பதில் தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், பொட்டலம் கட்டாத உணவிலும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் இருந்தால் கேட்பவருக்குத் தெரிவித்தாக வேண்டும். க்ளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. அங்கே கேள்வி கேட்பது நம் உரிமை. சட்டம் இல்லாத நாட்டில் அதே கேள்வி ஒரு வேண்டுகோள். குரலும் பொறுமையும் அதற்கேற்ப மாற வேண்டும். அந்நாட்டு மொழியில் ஓர் அட்டை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அது சமையல்காரருக்கு எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்: க்ளூட்டன் என்ற பொதுச்சொல்லோடு நில்லாமல் கோதுமை, பார்லி, மைதா, ரொட்டித் தூள், சோயா சாஸ் என்று பெயர் சொல்லி, அதே எண்ணெய், அதே நீர், அதே கத்தி கூடாது என்பதையும் சொல்லி, அரிசி, உருளைக்கிழங்கு, சோளம், முட்டை என்று எதைத் தின்னலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். ‘இதில் கோதுமை இல்லைதானே?’ என்று கேட்டால், விருந்தாளியை ஏமாற்ற விரும்பாத நல்ல மனிதர் ‘இல்லை’ என்றே சொல்வார். ‘இதை எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், அதில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்?’ என்று கேட்டால் அவர் யோசித்தாக வேண்டும். முதல் கேள்வி அவருடைய அன்பைக் கேட்கிறது. இரண்டாவது அவருடைய நினைவைக் கேட்கிறது. நமக்கு வேண்டியது நினைவு. விமான உணவிலும் இப்படித்தான். க்ளூட்டன் இல்லாத உணவை ஒன்றிரண்டு நாள் முன்பே பதிந்துவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு பயணிக்கு ஒரு சிறப்பு உணவுதான் என்பதால், சைவமும் க்ளூட்டன் விலக்கும் சேர்ந்து கிடைப்பது கடினம். சைவர் கைப்பையில் தன் உணவோடுதான் ஏற வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விட்டால் ஆயிற்றே, எதற்குப் பிறரை நம்ப வேண்டும் என்று கேட்கலாம். அவல், சத்துமாவு, பருப்புப் பொடி, ஒரு சின்ன மின்குக்கர், அடுப்படி உள்ள தங்குமிடம் இவை முதல் இரண்டு நாளைக் கடத்தப் பெரிதும் உதவும். இவற்றை யாரும் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் முழுத் தற்சார்பு என்பது இதில் கிடையாது. இறைச்சியையும் பால் பொருள்களையும் வெளியிலிருந்து வரும் பயணி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியாவில் பெட்டியில் உள்ள உணவை அறிவிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, நாம் கொண்டுபோகும் பொடியும் யாரோ அரைத்ததுதான். சத்துமாவில் பல வீடுகளில் கோதுமை சேர்கிறது. பருப்புப் பொடியில் பெருங்காயம் இருக்கிறது. கோதுமை அரைத்த மில்லிலேயே கேழ்வரகையும் அரைக்கிறார்கள். க்ளூட்டனைக் காட்டும் கையடக்கச் சோதனைக் கருவியும் தட்டில் எடுத்த ஒரு துணுக்கைச் சொல்லும், அடுத்த கரண்டியைச் சொல்லாது. எந்தத் திசையில் போனாலும் இன்னொரு மனிதர் அறிந்து சொன்ன சொல்லில்தான் போய் நிற்கிறோம்.

இன்னொரு மறுப்பு ஆழமானது. இவ்வளவு எச்சரிக்கையோடு போவது பயணமா, ஊரின் சோற்றைத் தின்னாமல் ஊரை எப்படி அறிவது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஒரு மக்களின் நாக்கை அறியாமல் அவர்களை அறிவது அரைகுறையே. ஆனால் கண்ணை மூடித் தின்பவர் அறிவதைவிட, என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டுத் தின்பவர் அறிவது அதிகம். மெக்சிகோவின் தெருவோரத்தில் சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்த மக்காச்சோள மாவைத் தட்டித் தோர்த்தியா சுடும் பெண்ணிடம் ஒளிவுமறைவு ஏதுமில்லை. அவர் தட்டில் இருக்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். வியட்நாமின் அரிசித் தாளும் மீன் சாறும் பெரும்பாலும் அப்படியே. சோயா சாஸ் புட்டியோ சிப்பிச் சாஸ் புட்டியோ திறக்கும்போதுதான் ஐயம் நுழைகிறது. சட்டத்தின் கை எட்டாத இடத்திலும் நேர்மையான அறிவிப்பு சாத்தியம் என்பதற்கு இவர்கள் சாட்சி. சமைப்பவருக்கும் பொருளுக்கும் இடையே தொழிற்சாலைகள் கூடக்கூட அவருடைய சொல் வலுவிழக்கிறது, அந்த வெற்றிடத்தை லேபிள் நிரப்ப வேண்டியிருக்கிறது.

நூற்றில் ஒருவருக்காக எல்லா உணவகங்களும் பட்டியல் எழுத வேண்டுமா, அதிலும் க்ளூட்டன் விலக்கு இப்போது வசதி படைத்தவர்களின் நாகரிகம் ஆகிவிட்டதே என்ற குரலும் உண்டு. தேவையில்லாமல் விலக்குகிறவர்களால் நன்மையும் தீமையும் வந்திருக்கின்றன. கடைகளில் பொருள் கூடியிருக்கிறது. அதே வேகத்தில், விருப்பத்துக்காகக் கேட்கிறார்கள் என்று அடுக்களையின் கவனம் குறைந்துமிருக்கிறது. அதற்கு மருந்து நோயாளியை நம்பாமலிருப்பது ஆகாது. தவிர, இந்தச் சொல்லும் கடமை ஒரு நோய்க்கானது மட்டும் இல்லை. 2016இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியில் இருந்த எள்ளைப் பற்றி உறையில் எதுவும் எழுதப்படாததால், அதைத் தின்ற நடாஷா எட்னன் லப்பரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி ஒவ்வாமையால் இறந்துபோனாள். அவள் பெயரால் வந்த சட்டம் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கடையிலேயே செய்து உறையிடும் உணவிலும் சேர்மானங்களை எழுத வேண்டும் என்கிறது. விற்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று சொல்வது சிறுபான்மைக்குத் தரும் சலுகை என்று எண்ணுவதே தவறு. அது வாங்கும் எல்லோருக்கும் உரிய கணக்கு. ஒரு சிலருக்கு அந்தக் கணக்கு உயிர் சார்ந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

நம் பக்கம் செய்ய வேண்டியது இதிலிருந்தே வருகிறது. சர்க்கரைக்கு நல்லது என்று இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் தமிழ்நாட்டில் இன்று ஏராளம். மரபணு இங்கேயும் இருக்கிறது, கோதுமையும் வந்துவிட்டது; தெற்கில் நோய் அரிது என்ற பழைய நம்பிக்கையில் மருத்துவர்களும் உணவகங்களும் இனியும் சாய்ந்திருக்க முடியாது. பஞ்சாபிலிருந்தோ ரோமிலிருந்தோ இந்த நோயோடு ஒருவர் தனியாக மதுரைக்கு வந்து இறங்கினால், நம் இட்லி அவருக்கு வரம். அந்த வரத்தை முழுமையாக்க அதிகம் செலவில்லை. சாம்பாரிலும் ரசத்திலும் என்ன பெருங்காயம் என்று பரிசாரகருக்குத் தெரிந்திருந்தால் போதும். அரிசி மாவு சேர்த்ததை வாங்குவது, பரோட்டாக் கல்லையும் தோசைக் கல்லையும் பிரிப்பது, ரவா தோசைக்குப் பக்கத்தில் மைதா உண்டு என்று பலகையில் ஒரு வரி எழுதுவது ஆகியவை எந்த முதலாளிக்கும் இயலும். தனியே பயணிக்கிறவர் அட்டை எழுதிக்கொண்டு, விதி படித்துக்கொண்டு, பசி தாங்கப் பழகிக்கொண்டு தன் பங்கைச் செய்துவிட்டுத்தான் நம் வாசலில் வந்து நிற்கிறார். இலையில் வைப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வைப்பது நம் பங்கு. விருந்தோம்பலைப் பெருமையாகப் பேசும் சமூகம் அதையும் விருந்தோம்பலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.